ஓட்டை எழுத்துகள்

“ஓட்டை எழுத்த வெச்சிகினு இங்கிலீஷ் படிச்சவள நான் எங்கியும் பாக்கல அண்ணி. நீங்க பாத்துருக்கீங்களா?”

அத்தை கேட்டது அம்மாவிடம். ஆனால் எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் கேட்டாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்திருந்த வாரம் அது. எந்தப் பாடம் என்று கேட்டிருந்த இடத்தில் ஆங்கில இலக்கியம் என்று எழுதியிருந்தேன். அத்தைக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. நான் வாய்விட்டுப் படித்துக் காட்டியதை அம்மா பெருமை தாங்காமல் அடுத்த வீட்டில் போய்ச் சொல்லியிருந்தாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அம்மாவும் அவளும் செராமிக் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். எங்கள் ஊரில் அந்த எஸ்டேட்டில் பொம்மை செய்கிற கம்பெனி உண்டு, கரண்டு கம்பத்துக்குப் பீங்கான் செய்கிற கம்பெனி உண்டு, டீக்கடைக் கோப்பை செய்கிற கம்பெனி உண்டு. அம்மாவின் கம்பெனியில் எழுத்து செய்தார்கள். புது வீடு கட்டுகிறவர்கள் வாசல் சுவரில் வீட்டின் பெயரைப் பதிக்கிறார்களே, அந்த இங்கிலீஷ் எழுத்துகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம் இருக்கும். வெள்ளை, நீலம், சிவப்பு.

ஓட்டை எழுத்து என்பது அத்தை என்னைக் கேலி செய்ய உண்டாக்கிய சொல் இல்லை. கம்பெனிப் பெண்கள் எல்லோரும் சொல்வது. அவர்களுக்கு இங்கிலீஷில் இருந்தவை இரண்டே ஜாதி: ஓட்டை உள்ள எழுத்து, ஓட்டை இல்லாத எழுத்து. A, B, D, O, P, Q, R ஆகியவற்றுக்கு நடுவில் ஓட்டை உண்டு. அச்சில் அந்த ஓட்டை இருக்கும் இடத்தில் ஒரு முட்டு நிற்கும். அச்சில் அழுத்திய மண் காயக் காயச் சுருங்கும். ஓட்டை இல்லாத எழுத்து தன்பாட்டுக்குச் சுருங்கிக்கொண்டு கழன்று வந்துவிடும். ஓட்டை எழுத்தோ அந்த முட்டைச் சுற்றி இறுகிக்கொள்ளும். கொஞ்சம் தாமதித்தால் மயிரிழை போல ஒரு விரிசல் விடும். அதனால் ஓட்டை எழுத்தை முதலில் எடு, மற்றதைப் பிறகு எடு என்பதுதான் அங்கே முதல் பாடம். என்ன பார்த்து எடுத்தாலும் சிலதில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்துவிடும். பச்சை மண்ணாக இருக்கும்போது தெரிந்துவிட்டால் தண்ணீரில் ஊறப்போட்டு மறுபடி மண்ணாக்கிவிடலாம். சூளைக்குப் போய்த் தீயில் வாய் பிளந்தால் எதற்கும் ஆகாது. கம்பெனிக்குப் பின்னால் குவித்துவிடுவார்கள். மழைக்காலத்தில் எஸ்டேட் ரோட்டுப் பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள்.

அந்தக் குவியலில் இருந்துதான் அம்மா எனக்கு எழுத்து கொண்டுவந்தாள். மூன்றாம் வகுப்பில் இங்கிலீஷ் ஆரம்பிக்கப் போகிறது என்று நான் சொன்ன நாளிலிருந்து தூக்குச் சட்டிப் பையில் தினமும் ஒன்றிரண்டு வரும். வாங்குகிற சம்பளத்தில் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் வாங்க முடியாது என்பதெல்லாம் இல்லை. கடையில் விற்கிற பிளாஸ்டிக் எழுத்தைவிட இது கனமாக, குளுமையாக, நிஜமாக இருந்தது. அதோடு, அது அம்மா கையால் செய்தது.

வந்ததெல்லாம் ஓட்டை எழுத்து. உடைவது அதுதானே. எங்கள் வீட்டு இங்கிலீஷில் ஏழு எழுத்துகள்தான் இருந்தன.

முதலில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். பெண்கள் மண்ணை அச்சில் அழுத்தும்போது எழுத்தின் முகம் அடியில் இருக்கும். அவர்கள் நாள் முழுவதும் பார்ப்பது முதுகை. அம்மா எனக்கு எழுத்தைத் தரையில் வைத்துக் காட்டியபோது தனக்குப் பழகின பக்கத்தையே மேலே வைத்துக் காட்டினாள். A-க்கும் O-வுக்கும் எப்படி வைத்தாலும் ஒன்றுதான். B, D, P, R எல்லாம் முகத்தை இடதுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றன. நான் அப்படியே பழகி, அப்படியே சிலேட்டில் எழுதினேன். டீச்சர் என் சிலேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “என்னா பாப்பா, செவுத்துக்கு அந்தாண்ட நின்னு எழுதினியா?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்களும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

எழுத்து நேராகத் திரும்ப அதிக நாள் ஆகவில்லை. எழுத்து போதாததுதான் தீரவில்லை. ஏழு எழுத்தில் என்ன வார்த்தை வரும் என்று தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. APPA வந்தது. இங்கிலீஷ் இல்லை என்றாலும் அதைத்தான் முதலில் அடுக்கினேன். AMMA வரவில்லை, M உடைவதே இல்லை. “நான் செய்ற எழுத்துல என் பேரு இல்லியா?” என்று அம்மா கேட்டுவிட்டுச் சோற்றை வடிக்கப் போனாள். BAD வந்தது. ROAD வந்தது. DOOR வந்தது. POOR, DROP, BOARD. ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூட அகராதி கையில் கிடைத்த பிறகு நான் பேய் பிடித்ததுபோல் தேடினேன். ABROAD கிடைத்தது. ஒரு நாள் BAOBAB என்ற மரம் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் வளருமாம், அடிமரம் ஒரு வீட்டு அகலம் இருக்குமாம், முழுக்க முழுக்க ஓட்டை எழுத்து. அன்றைக்கு எங்கள் தெருவில் என்னைவிடப் பணக்காரி யாரும் இல்லை. Q-வுக்கு மட்டும் கடைசிவரை வேலை கிடைக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய U உடையாத ஜாதி.

இதனால் ஒரு விசித்திரமும் நேர்ந்தது. வகுப்பில் யாருக்கும் தெரியாத வார்த்தை எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை எனக்குத் தெரியாது. வெளிநாடு என்பதற்கு வார்த்தை சொல்வேன், சாப்பிடு என்பதற்கு விழிப்பேன். E, I, S, T எல்லாம் நல்ல வீட்டு எழுத்துகள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புதுக் காலனிப் பக்கம் போனால் வாசல் வாசலாக நின்று படிப்பேன். அங்கே அவை வரிசையாக, உடையாமல், சுவரில் இருக்கும். எங்கள் வீட்டுக்கு அவை வராததற்குக் காரணம் சூளைதான் என்பது தெரிந்தும்கூட எனக்கு அப்படித்தான் தோன்றியது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா வழியிலும் இல்லை, அம்மா வழியிலும் இல்லை. இதைச் சொல்ல நான் எப்போதும் கூச்சப்பட்டதில்லை.

அந்தப் பெருமையே எனக்கு எதிராகத் திரும்பும் என்று நினைக்கவில்லை. ரிசல்ட்டுக்குக் காத்திருந்த கோடை விடுமுறையில் கம்பெனி ஓனர் அம்மாவிடம், “ஒன் பொண்ணு இங்கிலீஷ் படிக்குமாமே, பேக்கிங் மேசைக்கு அனுப்பு” என்று சொன்னார். அங்கே இருந்தவர் திருப்பூருக்குப் போய்விட்டார். கடைகளில் இருந்து வீட்டுப் பெயர்கள் எழுதிய தாள் வரும். அதைப் பார்த்து, சுவரில் இருக்கும் மரக்கூடுகளில் இருந்து எழுத்தை எடுத்து, மேசைமேல் பெயரை அடுக்கிச் சரிபார்த்து, வைக்கோலும் பேப்பரும் சுற்றிப் பெட்டியில் கட்ட வேண்டும். மேசைக்கு மேலே ஃபேன் இருந்தது. உட்கார ஸ்டூல் இருந்தது. கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலை அது ஒன்றுதான்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. முதல்முறையாக இருபத்தாறு எழுத்தும் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் எல்லாரும் பேக்கிங் மேசையைச் சுற்றி உட்காருவார்கள், ஃபேனுக்காக. அங்கேதான் அந்த விளையாட்டு ஆரம்பித்தது. ஆரம்பித்தது அத்தை.

“இவ பெரிய இங்கிலீஷ்காரியாமே,” என்று சொல்லிவிட்டு, பின்பக்கக் குவியலில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தாள். மேசைமேல் கொட்டினாள். “இதுல என்னா இருக்குது சொல்லு பாப்போம். நாங்க சாப்ட்டு முடிக்கிறதுக்குள்ள சொல்லணும். சொல்லலன்னா எல்லார் டிபன் பாக்ஸும் நீதான் கழுவணும்.”

ஓட்டை எழுத்துதானே அள்ளி வந்திருந்தாள். அவள் முதல் கவளம் எடுப்பதற்குள் BOARD என்று அடுக்கினேன். பலகை என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அத்தை முறைத்தாள். மறுநாள் குவியலை விட்டுவிட்டு என் மரக்கூடுகளிலேயே கையைவிட்டு எடுத்தாள். அன்றும் வார்த்தை வந்தது. அதற்கு அடுத்த நாள் அவள் எடுத்து வைத்ததில் T, L, K, H, N, R மட்டும் இருந்தன. நான் புரட்டிப் புரட்டி வைத்தேன். வரவில்லை.

“ஆங்! முழிக்குது பாரு இங்கிலீஷ்!” என்று அத்தை தொடையைத் தட்டிக்கொண்டாள். “கழுவுடி எல்லாத்தையும்.”

கழுவினேன். திரும்பி வந்தபோது அவள் இன்னும் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏன்டி இதுல மட்டும் வரல?” என்றாள். இந்த முறை கேலி இல்லை.

“அஞ்சு எழுத்து இருக்குது அத்தை. அதுல ஒண்ணாவது இல்லாம வார்த்தை நிக்காது.”

“எந்த அஞ்சி? காட்டு.”

A, E, I, O, U ஐந்தையும் எடுத்து வைத்தேன். அத்தை ஒவ்வொன்றாகத் தொட்டாள். “கூரை. சீப்பு. குச்சி. வளையலு. லாடம்.” கம்பெனியில் பெண்கள் அவற்றுக்கு வைத்திருந்த பெயர்கள் அவை. “இந்த அஞ்சி பேரும் இல்லன்னா ஒண்ணும் நடக்காதா?”

“நடக்காது.”

சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் அவள் கூரை, சீப்பு, குச்சி, வளையல், லாடம் எல்லாவற்றையும் ஜாக்கிரதையாக ஒதுக்கிவிட்டுக் கை நிறைய எழுத்து கொண்டுவந்து கொட்டினாள். முகத்தில் அப்படி ஒரு அமைதி. “சாவகாசமா பாரு. நான் மெதுவாத்தான் சாப்புடுவேன்.”

அதில் Y இருந்தது. நான் D, R, Y என்று மூன்றை நகர்த்தி வைத்து, “டிரை. காஞ்சிபோனது. மண்ணு காஞ்சிடுச்சின்னா சொல்றது” என்றேன்.

“இதுல அஞ்சி பேர்ல யாரும் இல்லியே!”

“Y சில நேரம் அவங்க வேலய செய்யும் அத்தை.”

“யாரு, இந்தக் கவுட்டையா? இதுவும் அந்தக் கூட்டாளியா? இத முன்னாடியே சொல்றதுக்கு என்னாடி நோவு? ஏமாத்துக்காரி! அண்ணி, ஒங்க பொண்ணு ஏமாத்துறா, கேட்டுக்கோங்க.” அன்றைக்கு டிபன் பாக்ஸ்களை அவள்தான் கழுவினாள், குழாயடியில் இருந்து திட்டிக்கொண்டே.

அப்படியே நாள் போயிருந்தால் நான் அந்த ஸ்டூலிலேயே இருந்திருப்பேனோ என்னவோ. கல்லூரியில் இருந்து கார்டு வந்தது. இண்டர்வியூவுக்குக் குறித்திருந்த வெள்ளிக்கிழமை, எங்கள் கம்பெனியில் லோடு போகும் நாள். மாலைக்குள் எல்லாப் பெட்டியும் கட்டி லாரி ஆபீசுக்குப் போயாக வேண்டும். ஓனரிடம் லீவு கேட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை. “ஏம்மா, படிச்ச பொண்ணுன்னு ஒக்கார வெச்சேன். லோடு போற அன்னிக்கு லீவுன்னா நான் யார வெச்சிக் கட்றது? போறதுன்னா போ. ஆனா நான் வேற ஆளு பாத்துக்குவேன். அப்பறம் வந்து நிக்காத” என்றார். அவர் பக்கமிருந்து பார்த்தால் அதில் ஒன்றும் தப்பில்லை.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா வேறொரு கம்பெனியில் சூளைக்கு விறகு தள்ளுகிறவர். கை முழுக்கப் பழைய சூட்டுத் தழும்பு. அவர் கோபப்படவில்லை. “நெழலுல ஒக்காந்து செய்ற வேலம்மா. மேல ஃபேனு. நம்ம வூட்ல யாருக்கு இதுவரைக்கும் கெடச்சிருக்குது? நீ படிச்சதுக்குத்தான இது கெடச்சிது? கெடச்சத வுட்டுட்டு எங்க போவப் போற?” என்றார். நான் ஜெயித்துவிட்டதாகவே அப்பா நினைத்தார். ஜெயித்தவள் ஏன் மறுபடி பந்தயத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் அவருக்குப் புரியாதது.

அத்தையும் வந்தாள். “அங்க போயி இங்கிலீஷுல கேட்டா முழிப்ப. இங்க திரும்பி வந்தா ஸ்டூலு இருக்காது. ரெண்டும் போச்சின்னா என்னா பண்ணுவ? அப்பறம் நீயும் எங்ககூட மண்ணுதான் பெசையணும்.” அவள் சொன்னதில் பயம் இருந்தது. அவளும் ஐந்தாம் வகுப்பு லீவில் ஒரு மாதத்துக்கு என்று கம்பெனிக்குப் போனவள். அந்த மாதம் முடியவே இல்லை. நின்று நின்று முழங்கால் இரண்டும் வீங்கிப்போய், மாலையில் வீட்டுக்கு வந்தால் படியேறுவதற்குச் சுவரைப் பிடிப்பாள்.

அதுவரை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல் சொன்னாள்: “வெள்ளிக்கெழம ஒரு நாளு நீ ஒக்காரு.”

“யாரு, நானா?” என்றாள் அத்தை.

“ஆமா. தெனம் மத்தியானம் நீதான எழுத்த கலக்கிப் பொறுக்கி அவள மெரட்டுற? ஒனக்குத் தெரியாத எழுத்தா?”

“எனக்குப் படிக்கத் தெரியாது அண்ணி.”

“தாள்ல என்னா இருக்குதோ அத பாத்து எடுத்து வைக்கிறதுக்குப் படிக்கணுமா என்னா?”

எனக்கு இது தோன்றவே இல்லை. நான் பெயர்களைப் படித்துத்தான் அடுக்கினேன். படிக்கத் தெரிந்தவருக்குத்தான் அந்த மேசை என்று ஓனரும் நினைத்தார், நானும் நினைத்தேன். ஓர் எழுத்தைப் பார்த்து அதே எழுத்தை எடுப்பதற்குக் கண் போதும்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஓனர் வீட்டுக்குப் போன பிறகு அத்தையை ஸ்டூலில் உட்காரவைத்தேன். ஒரு தாளைக் கொடுத்தேன். அவள் தாளைப் பார்த்தாள், கூட்டைப் பார்த்தாள், எடுத்தாள், வைத்தாள். வேகமாகத்தான் வைத்தாள். முடித்ததும் எட்டிப் பார்த்தேன். எல்லா எழுத்தும் முதுகைக் காட்டிக்கொண்டு, வலமிருந்து இடமாகப் படுத்திருந்தன.

“என்னாடி சிரிக்கிற? எல்லாம் சரியாத்தான இருக்குது?”

சரியாகத்தான் இருந்தது. அப்படியே மொத்தமாகப் புரட்டிப் போட்டால் பெயர் வந்துவிடும். அவள் கைக்கு அச்சில் தெரியும் பின்பக்கம்தான் பழக்கம். “முகத்த மேல வையி அத்தை. இந்தாண்டேருந்து ஆரம்பி” என்று மேசையின் இடது ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். மறுபடி அடுக்கினாள். மறுபடி. இருட்டும் வரை அடுக்கினாள். கடைசியில், “இந்த ஃபேனு கீழ ஒக்காந்தா தூக்கம் வருது. எப்பிடித்தான் வேல செஞ்சியோ” என்றாள்.

இண்டர்வியூவுக்கு அம்மாவின் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். நடுவயதுப் பேராசிரியை ஒருவர், அவருக்குப் பக்கத்தில் இளைஞரான ஓர் ஆசிரியர். உன்னைப் பற்றி இங்கிலீஷில் சொல் என்றார் பேராசிரியை. பெயரையும் ஊரையும் சொன்னேன். பிறகு நின்றுவிட்டேன். பரீட்சையில் கட்டுரைகள் எழுதி நல்ல மார்க் வாங்கியவள்தான். எல்லாம் மனப்பாடம். என்னைப் பற்றிய கட்டுரை எந்தக் கைடிலும் இல்லை.

“சரி, தமிழ்லயே சொல்லு. ஏம்மா இங்கிலீஷ்?” என்றார்.

“எனக்கு வார்த்தை தேடப் பிடிக்கும் மேடம். நாலு எழுத்து குடுத்தா அதுல என்ன வார்த்தை வரும்னு சொல்லுவேன்.” அம்மாவின் கம்பெனியைப் பற்றியும் சொன்னேன். தலையை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். “CERAMIC-னு எழுது. அதுல இருந்து எடு பாக்கலாம்.”

எனக்கு அது மதியச் சாப்பாட்டு வேளை போல இருந்தது. RICE, MICE, CAR, CARE, RACE, CREAM, CRIME, ACRE என்று எழுதிக்கொண்டே போனேன். இளைஞர் எட்டிப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பேராசிரியை தலையசைத்தார். “நல்லா இருக்கு. இப்ப RICE, MICE, CAR, இந்த மூணையும் வெச்சு ஒரே ஒரு வாக்கியம் எழுது.”

பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எலி தெரியும். அரிசி தெரியும். கார் தெரியும். கடைசியில் Mice is rice car என்று எழுதினேன். எழுதும்போதே தப்பு என்று தெரிந்தது. எது சரி என்றுதான் தெரியவில்லை. இளைஞர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பேராசிரியை சிரிக்கவில்லை. “மூணும் பக்கத்துப் பக்கத்துல நிக்குதும்மா. ஒண்ணோட ஒண்ணு பேசல” என்றார். “மார்க்குப்படி ஒன் பேரு ரெண்டாம் லிஸ்ட்டுல வரலாம். யாராச்சும் வேற காலேஜுக்குப் போனா எடம் கெடைக்கும். திங்கக்கெழம போர்டுல பாரு.”

வெளியே வந்து நடந்தேன். அத்தை சொன்னது சரிதான் என்று தோன்றியது. இத்தனை வருடம் நான் இங்கிலீஷ் என்று சேர்த்து வைத்திருந்தது ஒரு குவியல்தானா? பஸ் ஏறாமல் எஸ்டேட் வரை நடந்தே போனேன்.

கம்பெனியில் பெட்டிகள் கட்டி வரிசையாக வாசலில் இருந்தன. லாரி ஆபீஸ் வண்டி வந்து நின்றிருந்தது. ஓனர் கடைசிப் பெட்டியைப் பிரித்து, எழுத்துகளைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், தேர்வுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவள் போல. அவர் பெட்டியை மூடச் சொன்னார். என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார்.

“யாரு கட்னா எனக்கு என்னா. தப்பு இல்லாம இருந்தா சரி,” என்றார். “நாளைக்கும் நீயே ஒக்காந்துக்கோம்மா” என்று அத்தையிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அத்தை உடனே எழுந்துவிட்டாள். “அய்ய, அதெல்லாம் வேணாம். இது அவளோட ஸ்டூலு. என்னாடி சொன்னாங்க அங்க?”

“முழிச்சேன் அத்தை. நீ சொன்ன மாதிரியே.”

அவளிடம் ஜெயித்த முகமே இல்லை. இரண்டு கையாலும் ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினாள். “அப்ப ஒக்காரு. நான் ஓனருகிட்ட சொல்லிக்கிறேன்.”

அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்பா சந்தோஷப்பட்டிருப்பார். எனக்குச் சீட்டு நிச்சயமில்லை. இந்த வேலை நிச்சயம். ஆனால் அவள் எழுந்தபோது மேசை விளிம்பைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்தேன். அதைவிட உண்மையான காரணம், நான் அந்த மூன்று வார்த்தைகளை இன்னும் பேசவைக்கவில்லை என்பது. அது என்னைக் குடைந்துகொண்டிருந்தது. தோற்றது அவமானமாக இருந்தது. எனக்கு அவமானம் தாங்காது.

“நீ ஒக்காரு அத்தை. எனக்கு வேற வேல இருக்குது.”

“என்னா வேல?”

“எலி அரிசிய என்னா பண்ணிச்சின்னு கண்டுபிடிக்கணும்.”

“இதுக்குக் காலேஜிக்குப் போவணுமா? திங்கும். வேற என்னா பண்ணும்?” என்றாள் அத்தை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பழைய பாடப் புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, வார்த்தைகளை விட்டுவிட்டு, அவை எப்படி நிற்கின்றன என்பதை மட்டும் பார்த்தேன். யார், என்ன செய்தார், எதை, எங்கே. காருக்குள் இருந்த அரிசியை எலிகள் தின்றுவிட்டன என்று இங்கிலீஷில் எழுதிவிட்டேன். அதோடு நிற்கவில்லை. ஓட்டை எழுத்து வார்த்தைகளில் தெரிந்ததை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதினேன். ரோடு எங்கே போகிறது, கதவை யார் திறந்தார், பலகையை யார் துடைத்தார். எழுதிய பக்கங்களை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனேன்.

போர்டில் என் பெயர் இருந்தது. கீழே இருந்து இரண்டாவது. அதற்கும் என் வாக்கியங்களுக்கும் சம்பந்தமில்லை. முன்னால் இருந்த யாரோ டீச்சர் டிரெய்னிங்குக்குப் போயிருந்தார்கள், அவ்வளவுதான். இருந்தாலும் பேராசிரியையைத் தேடிப் போய்ப் பக்கங்களைக் கொடுத்தேன். அவர் நின்றபடியே சிவப்பு மை பேனாவால் திருத்தினார். பக்கம் சிவந்துபோனது. எலி வாக்கியத்தின்மேல் மட்டும் பேனா படவில்லை.

அத்தை இன்றும் அந்த மேசையில்தான் இருக்கிறாள். முழங்கால் வீக்கம் முழுதாகப் போகவில்லை, சுவரைப் பிடிப்பது குறைந்திருக்கிறது. மதியத்தில் மற்றப் பெண்களுக்கு எழுத்தைக் கொட்டி, ஐந்து பேரும் கவுட்டையும் இருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்கிறாளாம். அது வார்த்தைதானா என்று சாயங்காலம் என்னிடம் வந்து கேட்பாள். பாதி வார்த்தையாக இருக்காது. அகராதியில் இல்லை என்றால், “நல்லாப் பாரு, அடுத்த பக்கத்துல இருக்கும்” என்பாள்.

நான் இப்போது பி.ஏ. மூன்றாம் ஆண்டை முடிக்கப் போகிறேன். பேச்சு இன்னும் தடுக்கும். எழுத்து தடுக்காது. போன ஞாயிற்றுக்கிழமை அத்தை பலாச்சுளை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “படிப்புதான் முடியப் போவுதே, அப்பறம் என்னா?” என்று கேட்டாள்.

“சிதம்பரத்துல எம்.ஏ. படிக்கலாம்னு இருக்கேன் அத்தை. நம்ம காலேஜுல அது இல்ல.”

“அதுக்கு எத்தினி வருசம்?”

“ரெண்டு.”

“ரெண்டே எழுத்து. அதுக்கு ரெண்டு வருசமா? அண்ணி, இவ மறுபடி ஏமாத்துறா, கேட்டுக்கோங்க. சிதம்பரம் வரைக்கும் தெனம் பஸ்ஸுல போயி வர்றதுக்கு ஒன்னால ஆவுமா?”

ஆகும் என்றேன். அதற்கு முந்தின புதன்கிழமையே தனியாகச் சிதம்பரம் போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அதை அப்போதுதான் சொன்னேன்.